நிலைபேறு யாருடைய உழைப்பு?

கணினியைக் கையாள்வோரிடையே ஓயாது நடைபெறும் வழக்குகளுள் ஒன்று, லினக்ஸ் கருனியின் அண்மைப் பதிப்பைக் கொள்வதா, நெடுங்காலம் பேணப்படும் பழைய பதிப்பைக் கொள்வதா என்பதாகும். ஒருசாரார் புதுமையே வளர்ச்சி என்பர். மறுசாரார் பழகியதே பாதுகாப்பு என்பர். துணிந்தவனுக்குப் புதியது, அஞ்சியவனுக்குப் பழையது என்று கூறி வழக்கை முடித்துவிடுவோரும் உளர். இத்தீர்ப்பு மேலெழுந்தவாரியானது என்பது எமது கருத்து. கருனியின் வரலாற்றை ஊன்றி நோக்குவோமாயின், இங்கு எழும் வினா மனப்பாங்கு பற்றியதன்று என்பது புலனாகும். பழைய பொருளொன்று நம்பத்தக்கதாக நிலைத்திருக்க வேண்டுமாயின், அதன்மேல் எவரோ நாள்தோறும் உழைத்துக்கொண்டிருத்தல் வேண்டும். அவர் யார், அவருக்குக் கூலி கொடுப்பவர் யார், அவ்வுழைப்பின் பயன் சென்றடையாது விடப்படுபவர் யார் என்பனவே வினாக்கள்.

கருனி என்பது யாது என்று முதலில் கூறிவிடுதல் நன்று. கணினியின் வன்பொருளுக்கும், நாம் அதில் இயக்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டும், வட்டில் எழுதியும், வலையமைப்போடு பேசியும், ஒருவர் வேலையை மற்றொருவர் வேலை குழப்பாது காத்தும் நிற்பது பணிசெயல் முறைமை. அம்முறைமையின் உட்கருவே, ஆங்கிலத்தில் கேர்னல் எனப்படும் கருனி. அதில் ஓட்டை விழுந்தால் மேலேயுள்ள எப்பூட்டும் பயன்படாது. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி ஒவ்வொன்றினுள்ளும் இயங்குவது லினக்ஸ் கருனியே. வங்கிகளின் சேவைக் கணினிகளிலும் வீட்டு இணையப் பெட்டிகளிலும் அது பரந்து காணப்படுகின்றது. ஆதலால் இது நிபுணர்களின் தனி வழக்கன்று. கைத்தொலைபேசி வைத்திருக்கும் கடற்றொழிலாளியையும் தோட்டத் தொழிலாளியையும் தொடும் வழக்கு.

1991ஆம் ஆண்டு பின்லாந்திலே, ஹெல்சிங்கிச் சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ், தமது கணினிக்கென ஒரு கருனியை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. 1992இல் அதனை றிச்சர்ட் ஸ்ரோல்மனின் குனூ இயக்கம் வகுத்த பொது அனுமதிப்பத்திரத்தின்கீழ்க் கொண்டுவந்தார். எவரும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம்; திருத்தியதை வழங்குங்கால் அதன் மூலநிரலையும் வழங்குதல் வேண்டும் என்பது அப்பத்திரத்தின் சாரம். தனியுடைமை கோலோச்சிய மென்பொருள் உலகிலே, பலர் கூடி உழைத்துப் பலர்க்கும் உரியதாக்கிய பொதுச்சொத்தாக லினக்ஸ் வளர்ந்தது இவ்வாறே. 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வெளிவந்தபோது அதன் மூலநிரல் ஏறத்தாழ 1,76,000 வரிகள் கொண்டதாயிருந்தது.

உழைப்போர் தொகை பெருகவே ஒழுங்கு தேவைப்பட்டது. பதிப்பெண்ணின் இரண்டாம் இலக்கம் இரட்டையாயின் அது நிலையான தொடர், ஒற்றையாயின் அது பரிசோதனைத் தொடர் என்று வகுத்தனர். 1.2, 2.0, 2.2, 2.4 ஆகியன மக்கள் பயன்பாட்டுக்கு, 1.3, 2.1, 2.3, 2.5 ஆகியன ஆக்குவோரின் பட்டறைக்கு. ஏட்டளவில் இதனினும் நேர்த்தியான ஏற்பாடு இருத்தல் அரிது. பழையதையும் புதியதையும் இரு வேறு அறைகளில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாற் போதும் என்பதே அதன் அடிப்படை நம்பிக்கை.

ஆனால் வாழ்க்கை கதவுக்கு அடங்கவில்லை. 2.4 தொடர் 2001 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்த நிலையான தொடராகிய 2.6 வருவதற்கு 2003 டிசம்பர் ஆயிற்று. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! இதற்கிடையே புதிய வன்பொருள்கள் சந்தைக்கு வந்துகொண்டேயிருந்தன. அவற்றை இயக்கும் ஆற்றல் பரிசோதனைத் தொடரில் இருந்தது; மக்கள் கையிலோ 2.4 இருந்தது. ஆகவே லினக்ஸை விநியோகித்த கம்பனிகள், 2.5இல் உருவானவற்றைப் பெயர்த்தெடுத்துத் தத்தம் 2.4இல் ஒட்டத் தொடங்கின. றெட் ஹற் போன்ற கம்பனிகள் வழங்கிய 2.4, ரோர்வால்ட்ஸ் வெளியிட்ட 2.4இலிருந்து பெரிதும் விலகிச் சென்றது. பெயர் ஒன்று, பொருள் கம்பனிக்குக் கம்பனி வேறு. இன்னும் வியப்புக்குரியது, நிலையானது எனப்பட்ட தொடரே அத்துணை நிலையாயிருக்கவில்லை என்பது. 2001 செப்ரெம்பரில் வெளிவந்த 2.4.10 பதிப்பில், றிக் வான் றீல் ஆக்கிய நினைவக மேலாண்மைப் பகுதி நீக்கப்பட்டு, அன்ட்ரியா ஆர்க்காஞ்செலி ஆக்கிய வேறொன்று புகுத்தப்பட்டது. அலன் கொக்ஸ் தமது கிளையில் பழையதையே சிலகாலம் பேணினார். நிலையான தொடரின் நடுவே அதன் இதயத்தையே மாற்ற நேர்ந்ததெனின், ‘நிலையானது’ என்ற பெயர்ப்பலகையின் மதிப்பு யாது?

இவ்வனுபவம் வீண்போகவில்லை. 2004ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் கருனி ஆக்குவோர் கூடிய மாநாட்டில், தனிப் பரிசோதனைத் தொடர் ஒன்றைத் திறவாது 2.6இலேயே வளர்ச்சிப் பணியையும் தொடர்வது என்ற முடிவு உருவாயிற்று. அதன் வழியே இன்றைய ஒழுங்கு பிறந்தது. ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கொருமுறை புதிய பதிப்பு வருகின்றது. முதல் இரண்டு வாரம் புதியன சேர்ப்பதற்கு. எஞ்சிய வாரங்கள் சேர்த்தவற்றின் பிழை களைவதற்கு. பெரும்பாய்ச்சலாக மூன்று ஆண்டுக்கொருமுறை மாறுவதினும், சிறு அடிகளாக ஓயாது மாறுவதே ஆபத்துக் குறைந்தது என்று அவர்கள் கண்டனர். கருனியின் உட்புறம் எவ்வளவு மாறினும், அதன்மேல் இயங்கும் மக்களின் மென்பொருள் உடைதல் ஆகாது என்ற விதியை ரோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்து வந்தமையே இம்முறைக்கு அரண்.

எனினும் ஒரு குறை நின்றது. இன்று வெளியான பதிப்பில் நாளை ஒரு பிழை தெரியவந்தால், அதனைத் தீர்க்க அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருப்பதா? 2005 மார்ச்சில் கிறெக் குரோ-ஹார்ட்மனும் கிறிஸ் றைற்றும் இப்பணியை மேற்கொண்டனர். வெளியான பதிப்புக்குத் திருத்தங்களை மட்டும் சேர்த்து 2.6.11.1, 2.6.11.2 என்றவாறு வெளியிடலாயினர். அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் கடுமையானவை. திருத்தம் சிறியதாக, நூறு வரிக்கு மேற்படாததாக இருத்தல் வேண்டும். உண்மையாகவே மக்களைத் துன்புறுத்தும் பிழையைத் தீர்ப்பதாக இருத்தல் வேண்டும். அத்திருத்தம் முதலில் ரோர்வால்ட்ஸின் மூலத்தில் இடம்பெற்றிருத்தல் வேண்டும் என்பதும் இவ்வேற்பாட்டின் தூணாயிற்று. ஆகவே புதிய கருனியின் பிழைகளைக் களைவோர் இலராயின், பழைய கருனிக்குத் திருத்தம் கிடைக்க வழியில்லை. பழையது புதியதற்குப் பகையெனக் கருதுவோர் இதனை நினைவிற் கொள்ளல் தகும்.

அடுத்த பதிப்பு வந்ததும் முந்தியதைக் கைவிடுவதே பொதுவழக்கு. ஆயினும் இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை கருனியை மாற்ற இயலாதோர் பலர். அவர்தம் தேவையை உணர்ந்து ஏட்றியன் பங்க் 2.6.16 பதிப்பை 2006 முதல் 2008 வரை பேணினார். பின்பு 2009 டிசம்பரில் வெளிவந்த 2.6.32 பதிப்பைச் சுற்றி றெட் ஹற், டெபியன், உபுண்டு, சூசே ஆகிய விநியோகங்கள் அனைத்தும் திரண்டன. முதலில் குரோ-ஹார்ட்மனும் பின்னர் வில்லி ராரோவும் 2016 வரை அதனைக் காத்தனர். 2011இல், ஆண்டுக்கொரு கருனியைத் தெரிந்து இரண்டாண்டு பேணுவது என்ற ஒழுங்கை குரோ-ஹார்ட்மன் அறிவித்தார். இன்று நாம் நெடுங்காலப் பராமரிப்பு என்று வழங்குவது இவ்வாறு பிறந்ததே.

இரண்டாண்டு போதவில்லை என்று முறையிட்டோர் கைத்தொலைபேசித் தொழிலைச் சார்ந்தோர். சிப்பு ஆக்கும் கம்பனி ஒரு கருனியைத் தெரிந்து தன் வேலையைத் தொடங்கி, தொலைபேசிக் கம்பனி அதனைக் கருவியிற் பொருத்தி, கருவி கடைக்கு வந்து மக்கள் கையை அடையுமுன் அவ்விரண்டாண்டின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆகவே 2017இல், 4.4 கருனிக்கு ஆறாண்டுப் பராமரிப்பு உண்டென்ற செய்தியைக் கூகிள் கம்பனியின் பொறியியலாளர் ஒருவர் மாநாடொன்றில் வெளியிட்டார். அதன்பின் வந்த சில கருனிகளும் ஆறாண்டு பேணப்பட்டன. பெருங்கம்பனிகளின் விற்பனைக் காலத்துக்கேற்ப, ஒருசிலரின் தோளில் ஏற்றப்பட்ட சுமை மும்மடங்காயிற்று.

இனி, பழையது தானாகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்போம். 2016 ஒக்ரோபரில் ‘டேர்ட்டி கௌ’ என்று பெயர்பெற்ற ஓட்டை வெளியாயிற்று. கணினியில் சாதாரண உரிமை மட்டும் பெற்ற ஒருவர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவிட்டது. அவ்வோட்டை 2007இல் வந்த 2.6.22 பதிப்பு முதலாகக் கருனியில் இருந்து வந்தது. அதன் மூலக்குறையைத் தீர்க்க ரோர்வால்ட்ஸ் 2005இலேயே முயன்றிருந்தார். அத்திருத்தம் வேறொரு கணினி வகையிற் சிக்கல் விளைத்ததனால் மீளப்பெறப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகள் எத்தனையோ கண்கள் பார்த்த நிரலில் அது கிடந்தது. பழமை ஒரு பொருளைப் பழக்கப்படுத்துமேயன்றித் தூய்மைப்படுத்துவதில்லை.

அதனினும் வருந்தத்தக்க நிகழ்ச்சி மற்றொன்று உண்டு. அன்ட்ரொயிட்டின் ‘பைண்டர்’ என்னும் பகுதியில் இருந்த பிழையொன்றைத் தானியங்கிச் சோதனைக் கருவி 2017இன் இறுதியிற் கண்டது. 2018இன் தொடக்கத்திலேயே 4.14 நெடுங்காலக் கருனியில் திருத்தம் சேர்க்கப்பட்டது. ஆனால் மக்கள் கையிலிருந்த பல தொலைபேசிகளின் கருனிகளுக்கு அது சென்றடையவில்லை. அதற்குப் பாதுகாப்புக் குறை என்ற பட்டியலெண் வழங்கப்படாமையால், எண்ணுள்ளவற்றை மட்டும் பொறுக்கியெடுக்கும் பழக்கமுடைய கம்பனிகளின் வலையில் அது அகப்படவில்லை. 2019இன் பிற்பகுதியில், அதே ஓட்டை வழியாகத் தொலைபேசிகள் தாக்கப்படுகின்றன என்பதற்குச் சான்றுகள் உண்டெனக் கூகிளின் பாதுகாப்பு ஆய்வாளர்களே அறிவித்தனர். கூகிள் விற்ற பிக்சல் 2 தொலைபேசியும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. 2019 ஒக்ரோபரிலேயே அதற்குத் திருத்தம் வந்தது. மருந்து செய்யப்பட்டு ஒன்றரை ஆண்டு கழிந்தும் அது நோயாளியின் வாசலை எட்டவில்லை. தொலைபேசியை விற்றவர் பணம் பெற்றுவிட்டார். ஆபத்து வாங்கியவனோடு தங்கிவிட்டது. விலையுயர்ந்த கருவிக்கே இக்கதியெனின், ஓராண்டுக்குப்பின் உற்பத்தியாளரே மறந்துவிடும் மலிவுக் கருவியை வைத்திருப்பவன் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இவற்றைக் கண்டு, புதியதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? வரலாறு அதற்கும் இடந்தரவில்லை. 2018 ஒக்ரோபரில் 4.19 கருனி வெளியாயிற்று. சிலருடைய கணினிகளில் வட்டிலிருந்த கோப்புகள் சிதைவதாக விரைவிலேயே முறைப்பாடுகள் எழுந்தன. முதலில் கோப்பு முறைமையின்மீது சந்தேகம் விழுந்தது. வட்டுக்குக் கட்டளைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பகுதியிலேயே பிழை உண்டெனப் பின்னர் தெரியவந்து, டிசம்பரில் அது திருத்தப்பட்டது. தம் கோப்புகளை இழந்தோருக்குப் புதுமையின் பெருமை எவ்வாறு தோன்றியிருக்கும்? ஆனால் அதே 4.19தான் பின்னர் நெடுங்காலக் கருனியாகி, 2024 டிசம்பர் வரை ஆறாண்டு பேணப்பட்டு, முந்நூற்றுக்கு மேற்பட்ட திருத்த வெளியீடுகளைக் கண்டது. முதல் மாதங்களில் அஞ்சத்தக்கதாயிருந்த பொருள், இடையறாத உழைப்பினால் நம்பத்தக்கதாயிற்று. காலம் மட்டும் இதனைச் செய்துவிடவில்லை.

பேணும் வேலையிலும் இடருண்டு. புதிய கருனிக்கென எழுதப்பட்ட திருத்தம், அக்கருனியிலுள்ள வேறு மாற்றங்களைச் சார்ந்து நிற்கலாம். அவற்றை விடுத்து அதனை மட்டும் பெயர்த்துப் பழையதில் நட்டால் கேடு விளையும். 2023 டிசம்பரில் நடந்தது அதுவே. 6.1 நெடுங்காலத் தொடரின் 6.1.64 வெளியீட்டில், ‘எக்ஸ்ற் 4’ கோப்பு முறைமைக்கான திருத்தமொன்று அதற்குத் தேவையான முன்மாற்றம் இன்றிச் சேர்க்கப்பட்டது. தரவு சிதையும் அபாயம் தோன்றியது. டெபியன் திட்டத்தினர் 12.3 பதிப்பின் வெளியீட்டை நிறுத்தி, மறுநாளே 12.4 பதிப்பை வெளியிட்டனர். 2018 ஜனவரியில் ‘மெல்ற்டவுண்’ என்னும் செயலிக் குறை வெளிப்பட்டபோதும், அப்போதைய புதிய கருனிக்குச் செய்யப்பட்ட காப்பு வேறு, 4.4, 4.9 ஆகிய பழையனவற்றுக்கு அளிக்கப்பட்ட காப்பு வேறு. இயலுமாயின் 4.14க்கு மாறிவிடுங்கள் என்று பேணுவோரே அறிவுரை கூறினர். கருனி முதுமையடைய அடைய, திருத்தத்தைப் பெயர்த்து நடும் வேலை கடினமாகின்றது. பிழை புகும் வாய்ப்பும் மிகுகின்றது.

இவ்வேலையைச் செய்வோர் எத்தனை பேர்? கருனியின் ஒவ்வொரு பதிப்பிலும் ஆயிரக்கணக்கானோர் பங்குகொள்கின்றனர். பெரும்பாலான பதிப்புகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. ஆனால் அவற்றுள் பழையனவற்றுக்கு உரியவற்றைப் பிரித்தெடுத்துச் சேர்க்கும் பொறுப்பு குரோ-ஹார்ட்மன், சாஷா லெவின் போன்ற ஒருசிலரையே சார்ந்துள்ளது. 2023 செப்ரெம்பரில் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் நடந்த மாநாட்டில், நெடுங்காலப் பராமரிப்பை மீண்டும் இரண்டாண்டாகக் குறைக்கும் முடிவை ஜொனதன் கோர்பெற் எடுத்துரைத்தார். அப்போது ஆறு நெடுங்காலக் கருனிகள் ஒரே வேளையிற் பேணப்பட்டு வந்தன. மிகப் பழையனவற்றை உண்மையிற் பயன்படுத்துவோர் அருகினர் என்பதும், பேணுவோர் களைத்துப் போயினர் என்பதும் கூறப்பட்ட காரணங்கள். ஆறாண்டு வேண்டுமென்று கேட்ட தொழில், அவ்வாறாண்டின் சுமையைத் தாங்கப் போதிய கைகளை அனுப்பவில்லை. பொதுச்சொத்திலிருந்து எடுப்போர் பலராகவும் அதற்கு இடுவோர் சிலராகவும் இருக்குமிடத்து, இதுவன்றி வேறு முடிவு எவ்வாறு வரும்?

இதற்கு மாறான முன்மாதிரியும் இல்லாமலில்லை. மின்னிலையம், புகையிரதம் போன்ற பொதுப்பணிகளின் கருவிகள் பல பத்தாண்டுகள் உழைப்பவை. அத்தகைய கருவிகளை ஆக்கும் சீமென்ஸ், தோஷிபா, ஹிற்றாச்சி முதலிய கம்பனிகள், லினக்ஸ் பவுண்டேஷனின்கீழ் 2016இல் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. தமக்கு வேண்டிய கருனியைப் பத்தாண்டுக்குக் குறையாது பேணுவதென்று ஏற்று, முதலில் 4.4 தொடரைத் தெரிந்தன. அக்கம்பனிகள் அறம் கருதி இதனைச் செய்தன என்று நாம் கூற வரவில்லை. அவற்றின் இலாபமே அதனைக் கோரிற்று. எனினும் நீண்ட ஆயுள் வேண்டுவோர் அதற்கான உழைப்புக்கும் பொறுப்பேற்றல் வேண்டும் என்ற நியதி அங்கே ஓரளவேனும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

அவ்வாறாயின் எதனைத் தெரிவது? 2018இல் குரோ-ஹார்ட்மன் இதற்கு ஒரு வரிசை கூறினார்: நம்பத்தக்க விநியோகம் பேணித்தரும் கருனி முதலாவது, அண்மைய நிலையான பதிப்பு இரண்டாவது, அண்மைய நெடுங்காலக் கருனி மூன்றாவது, இன்னும் பேணப்படும் பழைய நெடுங்காலக் கருனி இறுதியானது. பேணுவாரற்ற கருனியைத் தொடவே வேண்டாம் என்பது அவர் முடிபு. அனுபவமும் இதனையே கூறுகின்றது. அண்மையில் வாங்கிய மடிக்கணினியின் திரையோ ஒலியோ பழைய கருனியில் இயங்காதாயின் புதியதே வழி. அதனைக் கொள்வோர் வாரந்தோறும் வரும் திருத்தங்களை ஏற்கவும், தம் கோப்புகளுக்குப் பிரதி வைத்திருக்கவும், பழுதுற்றால் முந்திய கருனிக்குத் திரும்பவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். பலர் நம்பியிருக்கும் பாடசாலைக் கணினிக்கும் வைத்தியசாலைக் கணினிக்கும் நெடுங்காலக் கருனி பொருத்தமானது. ஆனால் அதற்கும் திருத்த வெளியீடுகளை இடையறாது ஏற்றுதல் வேண்டும். அடுத்த நெடுங்காலக் கருனிக்கு மாறும் நாளையும் முன்னரே குறித்துவைத்தல் வேண்டும். நெடுங்காலக் கருனியை ஒருமுறை நிறுவிவிட்டு அப்படியே விட்டுவிடுவோர், இருவழியின் கேட்டையும் ஒருங்கே பெறுகின்றனர். புதியதன் வசதியும் அவர்க்கில்லை. பழையதன் காப்பும் அவர்க்கில்லை.

குளக்கட்டு நெடுங்காலம் நிற்பது அதனைக் கட்டியவன் கைத்திறத்தால் மட்டுமன்று. மாரி தோறும் மண் சுமந்து அடைத்தவர் கைகளாலும் என்பதை எம் விவசாயிகள் அறிவர். 2024 பெப்ரவரியில் கருனி ஆக்குவோர் தம் பாதுகாப்புக் குறைகளுக்குத் தாமே பட்டியலெண் வழங்கும் உரிமையைப் பெற்றனர். அதன்பின் எண்கள் வெள்ளமெனப் பெருகின. கருனியின் எப்பிழையும் ஒருவகையில் பாதுகாப்புக் குறையாகலாம். ஆகவே பொறுக்கி எடாது திருத்தங்கள் அனைத்தையும் ஏற்றுக்கொள்க என்பது அவர்கள் நிலைப்பாடு. பைண்டர் ஓட்டையின் பாடம் அதற்குப் பக்கபலமாக நிற்கின்றது. இனி அதனைக் கேளாததுபோல் இருப்பது, கருவிகளை விற்று இலாபம் பெறுவோருக்கு நியாயமாகாது.

வாங்குவோராகிய எமக்கும் ஒரு கடமையுண்டு. கைத்தொலைபேசிக் கடையில் நின்று அதன் நிறத்தையும் புகைப்படத் திறனையும் விசாரிக்கும் நாம், இதன் கருனிக்குத் திருத்தம் எந்த ஆண்டு வரை வரும் என்று ஒருமுறையேனும் விசாரிப்பதில்லை. பாடசாலைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ கணினி வாங்கும் குழுவினரும் விலைப்பத்திரத்தில் இவ்வினாவைச் சேர்ப்பது அரிது. ஆண்டைக் குறித்து எழுத்தில் உறுதி கேட்போமாக. அவ்வாறு கேட்போர் தொகை பெருகும்போதுதான், விற்பவர் அவ்வுறுதியைக் காப்பாற்றவல்ல உழைப்பாளருக்கு உரிய கூலி கொடுக்கக் கட்டுப்படுவர்.